மலாக்காவில் மடவைக் குழம்பு

அக்கா எல்லம்மாளின் பாதங்களில் விழுந்து கும்பிட்டு, தம்பி தசரத மகாராஜன் எழுதுவது. நான் கல்லுபோல் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி?

நான் வேலை பார்த்த ஒல்லாந்துக் கப்பலில் ஓய்வு கொடுத்தார்கள். கொழும்பா, பத்தாவியாவா என்று ஏழுலகையும் அலசி, தோணியளவு நண்டு கிடைக்கும் மலாக்காவில் இறங்கிவிட்டேன். நானில்லாமல் போன கப்பல் மூழ்கிப்போச்சு.

நானும் செத்தேனென்று நீ அமாவாசைதோறும் படையல் போடுகிறாய் போல. அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வாயெல்லாம் உன் மடவை மீன் குழம்பு மணக்கிறது. கப்பலோடு போன நம்மூர் ரங்கன் ஈர வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கூட்ல நான் வருவேன்னு காத்துனுகிறாங்கபா, எலையே போடல. எனக்கும் கொஞ்சம் வுடு" என்கிறான்.

என் இலையை எடுத்து அவனுக்குப் போடு, அக்கா. எனக்குக் கருவாடு அனுப்பு. மென்று தின்ன ஆசை. ரங்கன் எட்டிப் பார்த்துக் காகிதத்தில் உப்புத்தண்ணீர் சொட்டுகிறது, முடிக்கிறேன்.