அப்பா வாசிக்காத வசனம்

லுங்லேய்,
ஜூலை 12, 1994

அன்புள்ள அண்ணா,

ஷில்லாங்குக்கு லாரி ஓட்டும் ரோசாங்கா மாமா உன்னை ஒரு ரொட்டிக்கடையில் பார்த்ததாகச் சொல்லி விலாசம் தந்தார். அப்பாவுக்குத் தெரியாது. கர்த்தர் எங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கிறார். மழைதான் விடவில்லை.

உன்னோடு மீன் பிடிக்க வந்த நம் தம்பி மாவித்தேயா ஆற்றோடு போய், நீயும் வீட்டைவிட்டுப் போய், ஒரு வருடம் ஆகிறது. காலை வேதவாசிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. சபை தந்த அட்டையில் அந்தந்த நாளுக்குப் போட்டிருக்கிற அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனம். அப்பா, பிறகு அம்மா, பிறகு மாவித்தேயாவின் முறை. அம்மா மடியில் உட்கார்ந்து, அவள் சொல்லச்சொல்லத் தப்புத்தப்பாகக் கத்துவானே! அந்த முறை இப்போதும் இருக்கிறது. அம்மா வசனத்தை உதட்டுக்குள் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். நாங்கள் பேச மாட்டோம். அடுப்பில் விறகு வெடிக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும். நாய் எழுந்து அம்மாவின் மடியையே பார்க்கும். நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. அறிவியலில் வகுப்பில் முதல். ஆனாலும் சில நாள் அங்கிருந்து ஒரு சின்ன மூச்சு கேட்கிறது. நேற்று அம்மா, "உனக்கும் கேட்டுச்சாடி?" என்றாள்.

"மழைம்மா" என்றேன்.

அடுத்தது உன் முறை. அதற்கு மௌனம்கூடக் கிடையாது. அப்பா என்னைப் பார்த்து, "ம், படி" என்கிறார். செத்தவனுக்கு இடம் இருக்கிறது, உனக்கு இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. வந்துவிடு அண்ணா.

உன் தங்கை,
ஸோமிங்கி


ஷில்லாங்,
ஜூலை 24, 1994

அன்புள்ள மிங்கி,

உன் கடிதத்தில் மாவு ஒட்டிவிட்டது. அவ்வளவு தடவை பிரித்தேன். வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். அதே அட்டை என்னிடமும் இருக்கிறது.  எழுந்ததும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அன்றைய அதிகாரத்தைப் படிப்பேன். அப்புறம்தான் மாவு பிசையத் தெம்பு வரும். நீங்களும் இதைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை.

அப்பா செய்வது சரி. அவரிடம் எதுவும் பேசாதே. ஆகஸ்ட் முப்பதாம் தேதி கூட்டாளி ஒருவனோடு டில்லிக்குப் போகிறேன். அங்கே விலாசம் எதுவும் இருக்காது. நன்றாகப் படி. அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிடு.

அண்ணன்,
தங்கா


லுங்லேய்,
ஆகஸ்ட் 4, 1994

அண்ணா,

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடு.

இன்று தாவீது ராஜாவின் குழந்தை சாகிற அதிகாரம். ராஜா எழுந்து முகம் கழுவிச் சாப்பிடுகிற வசனம் எனக்கு வந்தது. குழந்தை இனித் திரும்பி வராது என்று ராஜா சொல்லும் வசனம் மாவித்தேயாவின் முறைக்கு விழுந்தது. அம்மா இன்று உதட்டுக்குள் சொல்லவில்லை. வாய்விட்டு, கடைசி வரை படித்தாள். நாய்கூட அசையவில்லை.

அடுத்து நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். சும்மா இருந்தார். நாங்களும் சும்மா இருந்தோம். அது உன் இடம் அண்ணா. நம் வீட்டில் மௌனம் செத்தவர்களுக்குத்தான். உன்னைப் பற்றி அப்பா எதையாவது கேள்விப்பட்டாரா? அம்மாவிடம் கேட்டால், "போடி, போய்ச் சோத்தைப் போடு" என்கிறாள்.

நீ உயிரோடு இருக்கிறாயா?

ஸோமிங்கி


ஷில்லாங்,
ஆகஸ்ட் 13, 1994

மிங்கி,

உயிரோடுதான் இருக்கிறேன், அசடே. நேற்றுகூட ரொட்டியைக் கருக்கிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அப்பா என்னையும் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார் போல. பரவாயில்லை. அதுவும் அந்த வீட்டில் ஒரு இடம்தானே, வாங்கிக்கொள்கிறேன். நான் கிளம்புவதில் மாற்றமில்லை. இனி எழுதாதே.

தங்கா


லுங்லேய்,
ஆகஸ்ட் 22, 1994

அன்புள்ள அண்ணா,

நீ எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதங்களை அப்பாவிடம் காட்டிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"யாருடி இவனைச் செத்தவன்னு சொன்னது? செத்தவனுக்காக உங்கம்மா காத்துக்கிட்டிருந்தா. நான் வர்றவனுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். என் போன கடிதத்துக்கு இரண்டாம் நாள், அப்சலோமின் அதிகாரம் வந்தது. சகோதரனைக் கொன்றுவிட்டு ஓடிப்போன, தாவீது ராஜாவின் மகன். அவன் வேண்டுமென்றே செய்தான், நீ செய்யவில்லை. அவனை அழைத்துவரும்படி ராஜா சொல்லும் வசனம் அப்பாவுக்கே வந்தது. குரல் உடைந்துவிட்டது. அடுத்ததை அம்மா படித்தாள். மகன் ஊர் வந்து சேர்ந்த வசனம் மாவித்தேயாவின் முறைக்கு. அதையும் அவளே படித்தாள். உன் முறை வந்ததும் அப்பா புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாளும் அதே அதிகாரம், அதே இடம். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். சபை முழுக்க ராஜாக்களின் புத்தகத்துக்குப் போய்விட்டது. போதகர் வந்து, "நீங்க எந்த அதிகாரத்துல இருக்கீங்க?" என்று கேட்டார். "மழையில பாதை அடைஞ்சுபோச்சு, ஐயா" என்றார் அப்பா.

அப்பா மூடுமுன், உன் முறைக்கு வரும் வசனத்தை நான் எட்டிப் பார்த்தேன். வந்த மகன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ராஜா சொல்கிற வசனம் அது.

"மேல படிச்சா என்னப்பா?" என்று கேட்டேன்.

அப்பா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "சின்னவனைப் புதைச்ச அன்னிக்கு, குழி மேட்டுல நின்னு, 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே'ன்னு நான்தான் பெரியவன்கிட்ட சொன்னேன். ராஜாவும் அதையேதான் சொல்றான். என் வாயால அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். அவன் வந்து என் மூஞ்சியைப் பாக்கட்டும். அப்புறம் தாண்டிப் போலாம்."

இதை ரோசாங்கா மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் மண் சரிந்து லாரிகள் நிற்கின்றனவாம். முப்பதாம் தேதிக்குள் உன் கைக்கு வருமா, தெரியவில்லை. அம்மாவின் மடியிலிருந்து இப்போது எனக்கு எதுவும் கேட்பதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மூவரும் தலையைத் தூக்குகிறோம்.

இன்று காலையும் அப்பா அங்கேயேதான் நிறுத்தினார்.

உன் தங்கை,
ஸோமிங்கி