பத்து நிமிடத்தில் இருந்த ஆஸ்பத்திரி

வீட்டு ஒப்பந்தப் பத்திரத்தைத் தேடி இன்று காலை பீரோவைக் குடைந்தேன். பத்திரம் கிடைக்கவில்லை, உன் கடிகாரம் கிடைத்தது. நெஞ்சில் ஊக்கால் குத்திக்கொள்கிற நர்ஸ் கடிகாரம். எண்கள் எல்லாம் தலைகீழாக இருக்கும். இங்கிலாந்திலிருந்து நீ திரும்பி வந்த அன்று, "இதென்ன கோளாறு, தலைகீழா போட்டுட்டானா?" என்று கேட்டேன். "குத்திக்கிட்டுக் குனிஞ்சு பாருங்க, உங்களுக்கு மட்டும் நேரா தெரியும்" என்றாய். என் சட்டையில் குத்திவிட்டு நீ சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கேட்டது. இன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காலை ஷிப்டுக்குப் போகவில்லை.

நீ மூன்று வருஷம் அங்கே இருந்தபோது நம் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஓசூர் மத்திகிரியில் நம் வீட்டு மாடிப்படியில் போனோடு உட்காருவேன். உனக்கு அப்போது காலை. பாதி நேரம் மகளின் படிப்பு, மீதி நேரம் ஆஸ்பத்திரிச் சண்டை. வேறு புருஷன் பெண்டாட்டி எதற்கெல்லாமோ சண்டை போடுவார்கள். நாம் எந்த நாட்டு வைத்தியம் ஒசத்தி என்று போட்டோம்.

அங்கே நீ வேலை பார்த்தது அரசாங்க ஆஸ்பத்திரி. முதல் வாரமே ஆச்சரியத்தோடு சொன்னாய்: "பெரிய வக்கீலும் வீதி கூட்டறவரும் ஒரே வார்டுல, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லங்க. யாரும் எதுவும் கட்டச் சொல்லல." நான் நம்பவில்லை. ஓசூரில் நீ முன்னால் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், முன்பணம் கட்டிய சீட்டு வந்த பிறகுதான் பேஷண்ட்டை மேலே ஏற்றுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் இருபது வருஷமாக ஸ்டீல் அச்சு செய்கிற டை பிட்டர் நான். நல்ல ஸ்டீலுக்கு நல்ல விலை. "காசுக்கேத்த பணியாரம். ஓசியில குடுக்கறவன் ஓசியாத்தான் பாப்பான்" என்பேன்.

நீயும் அந்த ஊரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. நீ குடியிருந்த வீட்டுக்காரக் கிழவி முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்ததைச் சொன்னாய். அவள் நொண்டிக்கொண்டே மாடியேறி உனக்கு டீ கொண்டு வருவாளாம். "பாத்தியா, இதே பெங்களூரா இருந்தா அடுத்த வாரமே முட்டி மாத்தியிருப்பான்" என்று நான் துள்ளினேன். "வாஸ்தவந்தாங்க. ஆனா அதே கெழவிக்கு நெஞ்சு வலின்னா, வண்டி வந்து தூக்கிக்கிட்டுப் போவும். பில்லு என்னாவும்னு அவ யோசிக்க மாட்டா" என்றாய். உன்னோடு வேலை பார்த்த மலையாளப் பெண்ணின் அண்ணன் அமெரிக்காவில் இருந்தான். கை முறிந்தபோது அவன் ஆம்புலன்ஸுக்குப் பயந்து, நண்பனின் காரில் போனானாம். எவ்வளவு தீட்டுவார்களோ என்ற பயம். உலகத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற நாட்டில் ஒருவன் ஆம்புலன்ஸைப் பார்த்து ஒளிந்தான் என்று நீ சொன்னபோது மட்டும் நான் மகளின் பரீட்சைக்குப் பேச்சை மாற்றினேன்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அதைச் சொன்னாய். "எந்த நாடா இருந்தாலும் மொத மணி நேரந்தாங்க ஆஸ்பத்திரி. அதுக்கப்பறம் எல்லாம் கட்டடம்." நான் "ஆமாமா" என்றேன். பேச்சை முடிக்க நான் சொல்கிற ஆமாமா.

நீ திரும்பி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அது ஒரு சனிக்கிழமை, காலை பத்து பத்தரை இருக்கும். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போனவள் வாளியோடு கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். முதுகில் பாரமாக இருக்கிறது, தாடை இழுக்கிறது என்றாய். வேர்வை ஊற்றியது. நான் மாத்திரை டப்பாவைத் தேடினேன். நீ என்னை நிறுத்தினாய். குரல் உயரவில்லை, வார்டில் பேசுவதுபோல நிதானமாகத்தான் பேசினாய்.

"ஏங்க, இது ஹார்ட்டுங்க. நம்ம ஜி.எச்சுக்கே விடுங்க, பத்து நிமிஷந்தான். ஈ.சி.ஜி எடுத்து ஊசி போட்டுருவாங்க. பெங்களூரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

பக்கத்துத் தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிறவர் வந்தார். உன்னைப் பின்சீட்டில் ஏற்றி நானும் ஏறினேன். "எங்கண்ணா?" என்று அவர் கேட்டார். நான் பெங்களூர் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காய்ச்சலுக்கு ஓசூர், பெரிய வியாதிக்குப் பெங்களூர். யாரையாவது அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று சொன்னால், பாவம், கையில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். சீமையில் வேலை பார்த்து வந்த என் பெண்டாட்டியைத் தர்மாஸ்பத்திரி பெஞ்சில் படுக்க வைப்பதா என்று ஒரு ரோஷம். உன்மேல் வைத்த பிரியம் என்றுதான் அன்று நினைத்தேன். அதில் பாதி என் கௌரவம்.

அரசு மருத்துவமனைக்குத் திரும்புகிற இடத்தைக் கார் தாண்டியபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் ஓடினோம். சந்தாபுரத்துக்கு முன்னால் லாரிகள் நின்றுவிட்டன. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். முன்னால் நின்ற வண்டிக்காரன் இறங்கி வந்து, "ஜாக இல்லா சார், ஏன் மாடோது?" என்று கன்னடத்தில், இடமில்லை, என்ன செய்வது என்று கையை விரித்தான். நீ இந்தக் கடிகாரத்தை உன் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, உன் நாடியை நீயே பிடித்து எண்ணினாய். எண்ணி முடித்துவிட்டு, "திருப்பச் சொல்லுங்க. இன்னும் ஜி.எச் கிட்டத்தான்" என்றாய். "இதோ வந்துட்டம்மா" என்றேன். வரவில்லை. அந்த நெரிசலைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மத்தியானம் ஒரு மணி ஆகியிருந்தது. நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த இரண்டு வாக்கியம்தான்.

அங்கே யாரும் குறை வைக்கவில்லை. ஓடி வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னென்னவோ செய்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இளவயது டாக்டர் வெளியே வந்து, "ரொம்ப லேட்டாயிடுச்சு. ஓசூர்ல எங்கயும் காட்டலையா?" என்று கேட்டார். "அங்க வசதி இல்லைங்க சார்" என்றேன். வாயில் தயாராக இருந்ததுபோல வந்தது அந்தப் பொய்.

சாவு வீட்டில் எனக்கு ஒரே பாராட்டு. "பெங்களூருக்கே தூக்கிட்டு ஓடினாம்பா. இதுக்கு மேல ஒருத்தன் என்னா செய்வான்?" என்று உன் பெரியப்பா நாலு பேர் கேட்கச் சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த பேச்சுதான் தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் வைத்தியம் பாத்தவ. தன் நெஞ்சு வலி தனக்கே தெரியாமப் போச்சே" என்றார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்லி அழுதார்கள். தெரியும், அவளுக்கு முதல் நிமிஷத்திலேயே தெரியும் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நாய்க்கடிக்கு மட்டும் இந்த ஊரில் பணக்காரனும் ஜி.எச்சுக்குத்தான் போவான். நானும் போனேன். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஊசி போட்டுக்கொண்டேன். என் பெயரைக் கேட்டார்கள், எந்த நாய் என்று கேட்டார்கள், வேறெதுவும் கேட்கவில்லை. கடைசி ஊசியன்று துணிந்து அந்த நர்ஸம்மாவிடம் கேட்டேன். "இங்க நெஞ்சு வலிக்கு ஊசி போடுவீங்களாம்மா?"

"போடுவமே. ஈ.சி.ஜி எடுத்து, டாக்டர் பாத்துட்டா ஒடனே போட்டுருவோம். அப்பறம் தேவைன்னா பெரிய எடத்துக்கு அனுப்புவோம். யாருக்குங்கண்ணா?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ சொன்ன அதே வரிசையில் அவள் சொன்னாள். அன்று மத்திகிரி பஸ்ஸில் ஏறவில்லை, வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். அந்த ஊசி உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

மகள் இப்போது பெங்களூரில் நர்ஸ். ஜெர்மன் மொழி படிக்கிறாள். அந்த நாட்டில் எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் உண்டாம், பாதி முதலாளி கட்டுவானாம், ஆஸ்பத்திரி தனியாரா அரசாங்கமா என்று யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்களாம். உன்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கூப்பிட்டு விவரம் சொல்வாள். நான் இப்போது சண்டை போடுவதில்லை, கேட்டுக்கொள்வதோடு சரி. போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு பேச்சுவாக்கில், "அம்மா நர்ஸா இருந்தும் சிம்டம் தெரியாம விட்டுட்டாங்களேப்பா. நீங்க எவ்ளோ தூரம் தூக்கிட்டு ஓடுனீங்க" என்றாள்.

ஊர் சொன்னதைப் பொறுத்துக்கொண்டவனுக்கு அவள் வாயிலிருந்து அது வந்தபோது பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, தாடை, ஜி.எச், திருப்பம், சந்தாபுரம், டாக்டரிடம் சொன்ன பொய். முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"எத்தன தடவ சொன்னாங்க?"

"ரெண்டு தடவ."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நேற்றும் ஞாயிறு. சோறு பொங்கி, போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் அது அடிக்கவே இல்லை. நானாகக் கூப்பிடவும் கை வரவில்லை. இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்பது உன் காரியம் முடிந்த அன்றுகூட இவ்வளவு தெரியவில்லை.

அவள் பேசுவாளோ மாட்டாளோ. பேசாவிட்டால் அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. உன்னைப் பற்றி ஊர் சொன்னதை இனி அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். எந்த நாட்டு வார்டில் போய் நின்றாலும், தன் அம்மா வேர்வை ஊற்றும்போதும் நோயைச் சரியாகச் சொன்ன நர்ஸ், கேட்காமல் போனது அப்பாதான் என்று அவளுக்குத் தெரியும்.