மீட்டர் வரும் வரைக்கும்

நவ. 11, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மேகம் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்தாயிற்று. ஜீப் இரண்டு நடை. குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே, ரோட்டிலிருந்து நாற்பத்தாறு படி இறங்கினால் சொந்த வீடு. ரூம் இரண்டு, சமையல்கட்டு ஒன்று. பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை.

சொந்த வீடு. எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. இன்னொரு தடவை: சொந்த வீடு.

இருப்பவை: கட்டில், பீரோ (கதவு நசுங்கல், உபயம் நான்), மகள் வாணியின் காலேஜ் புஸ்தகங்கள், பாத்திர மூட்டை மூன்று.
இல்லாதவை: கரண்ட், கேஸ்.

சாந்தி கேட்டாள்: "ஏனுங்க, ஊடு கட்டறதுக்கு முன்னாலயே இதையெல்லாம் யோசிச்சிருக்க மாட்டீங்களா?"

யோசிக்கவில்லை. லைன் வீட்டில் முப்பத்தொரு வருஷம் சுவிட்சைத் தட்டினேன், எரிந்தது. எஸ்டேட் கரண்ட். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே கிடையாது. சுவரில் சுவிட்ச் வைத்தால் தானாக எரியும் என்று எட்டாம் கிளாஸ் மூளை நினைத்துவிட்டது போல.

நவ. 12

மழை. வயர்மேன் சேகரோடு ஈ.பி. ஆபீஸ். பட்டா நகல், வரி ரசீது, போட்டோ, டெஸ்ட் ரிப்போர்ட், எல்லாம் சரி.

"மீட்டர்தான் ஸ்டாக் இல்லீங்க. வந்ததும் கூப்பிடறோம்."
"எப்பங்க வரும்?"
"வந்ததும் கூப்பிடறோமுங்க."

பக்கத்து வீட்டு மாதன், படுகர், நல்ல மனுஷன். சாந்தி தேயிலை எடுக்கப் போவது அவருடைய தோட்டத்துக்குத்தான். "எங்க ஊட்டுல இருந்து ஒரு ஒயர் இழுத்துக்கங்க அண்ணா, பொம்பளப் புள்ள படிக்கணுமில்ல" என்றார். சேகர் தலையை ஆட்டினான்: "பார்த்தாங்கன்னா அப்ளிகேஷனே போயிருமுங்க." எனக்கும் ஒரு வீம்பு. முதல் முதலாக என் பேரில் வரப்போகிற கரண்ட், திருட்டு ஒயரில் ஆரம்பிக்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நவ. 14

கேஸ். பழைய ஏஜென்சியில் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் கொடுத்து மாற்றல் பேப்பர் வாங்கியாயிற்று. புது ஏஜென்சியில் உட்கார்ந்திருந்த பெண்:

"கனெக்ஷன் ஆன்ட்டி பேர்ல இருக்கு, வரி ரசீது உங்க பேர்ல இருக்கு அங்கிள். ஆன்ட்டி பேர்ல இந்த அட்ரஸ்ல ஏதாச்சும் இருக்கா?"
"நான் இருக்கேன்மா."

சிரித்தது. ஆனாலும் ஆதாரில் அட்ரஸ் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டது.

சமையல் பின்பக்கம், தகரத்துக்குக் கீழே விறகு அடுப்பில். சாந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டே திட்டுகிறாள். புகையையா என்னையா, கேட்கவில்லை.

நவ. 16

குளிர். சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கிறது. வாணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மாத்திரை வாங்கியாயிற்று. வியாழக்கிழமை செமஸ்டர் எக்ஸாம். போர்வைக்குள் செல்போன் லைட்டில் படிக்கிறது பிள்ளை. கை ஐஸ்.

சரி, அப்பன் எதற்கு இருக்கிறான். பேக்டரிக்குப் போய்ப் பழைய சிநேகிதர்களிடம் ஒரு சாக்கு கரி. இருபத்தாறு வருஷம் டீத்தூள் டிரையருக்கு நெருப்புப் போட்டவன் நான். வேறு எதிலும் எனக்கு மார்க் கிடையாது, நெருப்பில் மட்டும் நூற்றுக்கு நூறு. இரும்புச் சட்டியில் கரியை வெளியே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கி, கங்கு செக்கச்செவேல் என்று ஆன பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன். புகைதானே ஆளைக் கொல்லும். ஒரு இழை புகை இல்லை. ஜன்னலுக்கு மேலிருந்த காற்றோட்ட ஓட்டைகளில் சிமெண்டுச் சாக்கைத் திணித்தேன். சூடு வெளியே போனால் என்ன பிரயோஜனம்.

வாணி: "பேக்டரி விட்டாலும் டிரையர் உங்கள விடலயாப்பா? இப்ப உள்ள காயறது நானா?"
"முதல் தரத் தூள்டா சாமி நீ."

ஒரு மணி நேரம் வைத்தோம். அப்புறம் மூன்று பேருக்கும் தலைவலி. பெயிண்ட் வாசம்தான்.

நவ. 19, ஊட்டி ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நேற்று காலை பத்தரைக்கு ஈ.பி.யிலிருந்து போன். மீட்டர் வந்துவிட்டது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று. சாந்தி இலைக்குப் போயிருந்தாள். சட்டியில் கங்கு நிறைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "கதவத் தொறக்காத கண்ணு, சூடு போயிரும்" என்றேன். நான்தான் சொன்னேன். பதினொன்றுக்குக் கிளம்பினேன்.

வரிசை. திரும்பும்போது இரண்டரை. வாணி படுத்திருந்தாள். கன்னம் சிவந்து இருந்தது. காய்ச்சல் விட்டு நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். கங்கு அடங்கியிருந்தது. இன்னும் இரண்டு கரி போட்டேன்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. போட்டேன்.

அப்புறம் மீட்டர் சேதியைச் சொல்ல எழுப்பினேன். எழவில்லை. மாதனும் நானும் நாற்பத்தாறு படியும் தூக்கிக்கொண்டு ஏறினோம். குன்னூர் ஆஸ்பத்திரி. லேடி டாக்டர். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றேன். டிரிப் போட்டார்கள். டாக்டர் கேட்டார்:

"வீட்ல கேஸ், அடுப்பு, ஏதாவது எரிஞ்சுதுங்களா?"
"கேஸே இன்னும் வரலீங்க மேடம். கரண்ட்டும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன்.

பொய் இல்லை. பதிலும் இல்லை. சட்டி கண்ணுக்குள் வந்தது. புகைதான் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெருப்புக்காரன் வைத்த நெருப்பு என்று நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

ஒரு மணி நேரம் கழித்துச் சாந்தி வந்தாள், இலை எடுக்கிற பிளாஸ்டிக் துணியை இடுப்பில் கட்டியபடியே. வரும்போது வீட்டுக்குள் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"கரிச்சட்டி வெச்சீங்களா?"
ஆமாம் என்று தலையசைத்தேன்.
"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

ஓடினேன். டாக்டர் திட்டவில்லை. "புகை இல்லாததுதாங்க ஆபத்து. கரிக் கங்குல வர்ற விஷ வாயுவுக்கு வாசம் கிடையாது, கண்ணும் எரியாது" என்றார். ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கேட்டனே, அப்பா." உடனே ஆம்புலன்ஸ், ஊட்டி.

நவ. 20

இங்கே மழை இல்லை, வெயில். கண்ணைத் திறந்தாள், காலை எட்டே முக்காலுக்கு. அம்மா என்றாள். மறுபடி தூக்கம்.

சாந்தி என்னோடு பேசுவது: டீ, மருந்துச் சீட்டு, செருப்பு எங்கே. அவ்வளவுதான்.

நவ. 21, வியாழன்

சேகர் போன். "அண்ணா, மீட்டர் மாட்டியாச்சுங்க. சுவிட்ச் போட்டுப் பார்த்தேன், ஜம்முனு எரியுது. அணைச்சிட்டுப் போகட்டுங்களா?"
அணைத்துவிடு என்றேன்.

இடது கை விரல்கள் மடங்கவில்லை. டம்ளர் நழுவுகிறது. இன்று எக்ஸாம் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. என்ன படிக்கிறாய் என்று நர்ஸ் கேட்டதற்கு வெகுநேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பி.காம். என்று நான் சொன்னேன். டாக்டர்: நாளாகும், முழுக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது.

சாந்தி வராந்தாவில்: "என்ன நடந்துச்சுன்னு அவ கேப்பா. நீங்கதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்."

நவ. 22

ஊட்டியில் நல்ல குளிர். காலையில் வாணி கொஞ்சம் தெளிவு. கஞ்சி நாலு ஸ்பூன். நான் ஊட்டினேன். இப்போது சொல்லிவிடலாம் என்று ஸ்பூனைக் கீழே வைத்தேன். சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வாணி முந்திக்கொண்டாள். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது.

"அப்பா. இங்க... ரொம்பக் குளிருது. அந்தச் சட்டியக் கொண்டாந்து வைங்கப்பா."