நேயர் விருப்பம்

12-8-1954, வியாழன்

சோறு இறங்கவில்லை.

காலேஜில் மதிய இடைவேளையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டவன் நான். பையன்கள் துண்டுச் சீட்டில் பாட்டு கேட்பார்கள். "நேயர் விருப்பம்" என்று நான் இழுத்து அறிவித்தால் ஒரே கைதட்டல். என்ன நாட்கள்!

அது எங்கள் ஆலை ஆபீஸ் மேனேஜருக்கு எப்படித் தெரிந்ததோ. இன்று திருவொற்றியூர் ஆலை வாசலில், வேலைநிறுத்தக்காரர்களின் கோஷம் வெளியே கேட்காதபடி பாட்டுப் போட என்னையே உட்கார வைத்துவிட்டான்.

இசைத்தட்டு ஒன்று முடிந்து சத்தம் ஓய்ந்தபோது, என்னோடு படித்த மாணிக்கம் கூட்டத்திலிருந்து கத்தினான்: "இன்னா மாமு, எங்க தொண்டைய அமுக்கவா பாட்டு போட்டுக்கினு கீறே?" பிறகு என் காலேஜ் குரலிலேயே இழுத்தான்: "நேயர் விருப்பம்... பாட்டை நிறுத்து!"

கூட்டம் கைதட்டியது.

நான் தட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போட்டேன். தூ.