மொட்டைச் செடியில் பஞ்சு இருக்கு

என் பிரியமான மதினிக்கு,

உங்கள் மொட்டைச் செடி இந்த வருஷமும் முளைத்து ஆறு இலை விட்டிருக்கிறது. நீங்கள் செய்வதுபோல இலையைக் கீழுதட்டில் உரசிப் பார்த்தேன். ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்றுதான் இருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன், வெட்கம்தான்.

வ. புதுப்பட்டிக் காட்டில் விதைக்கென்று பருத்தி போட்டபோது, கலவன் பிடுங்க என்னையும் கூட்டிப்போனீர்களே. வேற்று ஜாடையில் ஒரு செடி நின்றாலும் பூக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். மற்ற செடிகளின் இலைகளில் பூனைமுடி நிறைய இருந்தது, இந்த ஒன்றில் மட்டும் இல்லை. முடி தடுக்காததால் தத்துப்பூச்சி சாறு குடித்து, இலை ஓரம் சிவந்து சுருண்டிருந்தது. பிடுங்குங்கள் என்றேன். உங்கள் கை நகரவில்லை.

"ஏட்டி வசந்தி, பஞ்சும் வெதையில மொளைக்கிற முடிதான்னு நீதான சொன்ன? எலைக்கு முடி வைக்காத செடி வெதைக்கு மட்டும் வைக்குமா?"

நான் சிரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் இல்லையா! இப்படி ஒவ்வொன்றுக்கும் நின்றால் பொழுது சாய்ந்துவிடும் என்று கேலி செய்தேன். அடுத்த வாரம் கேட்டபோது பிடுங்கியாச்சு என்றீர்கள். எவ்வளவு சுத்தமான பொய் மதினி அது.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ராஜபாளையம் மில்லுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணன் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சாயங்காலமானா ஒத்தச் செடிக்கு மொட்டு வாயை நூலால கட்டிக்கிட்டுக் கெடப்பா. அதோட மகரந்தம் வெளிய போயிரக் கூடாதாம்," என்றார்.

உள்ளே விதையோடு பஞ்சு. கூடவே உங்கள் கோணல் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "வசந்திக்கு. பஞ்சு இருக்கு." பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டு மாடித் தொட்டிகளில் அந்த விதைகளைப் போட்டேன். போன வருஷம் அதன் பிஞ்சு இலையையும், பூத்துச் சில நாளே ஆன காயின் விதையையும் மதுரையில் ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். முடி முளைக்கச் சொல்லும் ஜீன் ஒன்று உண்டு. ஜீன் என்பது செடிக்குள் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. வேலை நடக்கும் இடத்தில் அந்தக் குறிப்புக்கு நகல் எடுக்கப்படும். விதையில் நகல்கள் ஏராளம். இலையில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் குறிப்பு அழியவில்லை மதினி, இலையிலும் அது அப்படியே இருக்கிறது.

அப்படியானால் இலையில் மட்டும் அதை வாய் திறக்கவிடாமல் வைத்திருப்பது எது? வேறொரு ஜீனா? குறிப்பைத் திறக்கும் இடத்தில் ஏதாவது கோளாறா? விதையில் மட்டும் அந்தத் தடை எப்படி விலகுகிறது?

ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் சிரித்தது உங்கள் கேள்வி அசட்டுத்தனமாக இருந்ததால் இல்லை. பதில் எனக்குத் தெரியவில்லை. படித்தவள் அதைச் சொல்வதா என்று கூச்சப்பட்டேன்.

இந்தத் தடவை தொட்டிச் செடிகளுக்கும் தத்துப்பூச்சி வந்துவிட்டது. நான் பிடுங்க மாட்டேன். கல்லூரி விட்டு வந்து தினமும் நானே மொட்டுக் கட்டுவேன். விடை கிடைத்தால் முதலில் உங்களிடம் சொல்வேன். கிடைக்காவிட்டால், அன்றே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்வேன்: "தெரியல மதினி."

நூல் முடிச்சு இன்னும் சரியாக விழாத
உங்கள் நாத்தனார்,
வசந்தி