கவிழ்த்துப் பிடித்த குடம்

இன்று காலை குடம் லோடு வந்தது. மூட்டையைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை கடை முழுக்க ஏறிக்கொண்டது. இந்த வாசனைக்கு நீ மூக்கைச் சுளிப்பாய். "இந்த நாத்தத்துல எப்டிய்யா நாள் பூரா குந்திக்கினு கீற?" என்று கேட்டுக்கொண்டே என் ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைநாள் நீயும் குந்தியிருப்பாய். "விக்கிறவனுக்கு இது சந்தனம்டா" என்பேன் நான்.

இன்று அந்த வாசனை வந்தபோது எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு கல்லூரி வகுப்பில் உன்னைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். தப்புக்கு உதாரணமாக.

நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரிதான். பத்திரிகைத் தொழில் படிக்கிற பிள்ளைகள். 'அரசியல் செய்தியும் ஊடக அறமும்' என்று ஒருநாள் கூட்டம். பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிற உள்ளூர் வியாபாரி ஒருவரும் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனைக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டால் போகாமல் இருப்பானா? ஹாஸ்டல் பிள்ளைகள் நாளைக்குப் பக்கெட் வாங்க நம் கடைக்கு வரட்டுமே என்ற கணக்கும் இருந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் பேராசிரியை பேசினார். நல்ல அம்மா, நிதானமான பேச்சு. திடீரென்று திரையில் ஒரு பழைய விளம்பரம் வந்தது. கடைப் பெயரையும் போன் நம்பரையும் கறுப்படித்திருந்தார்கள். இருந்தால் என்ன, காசு போட்டவனுக்குத் தன் விளம்பரம் தெரியாதா? "செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்க வேண்டும். அதை ஒரு நிருபரே எப்படி உடைத்தார் என்பதற்கு இது உதாரணம்" என்றார். பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

அந்த நிருபர் நீ.

நீ அவர்களுக்கு யார்? சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் பழைய ஸ்கூட்டரில் சுற்றிய பகுதி நேர நிருபர். விபத்து, கோயில் திருவிழா, கம்பெனி கேட் முன்னால் போராட்டம், எல்லாம் நீதான். ஆனால் உன் பெயர் ஒரு நாளும் பேப்பரில் வந்ததில்லை. செய்திக்கு மேலே 'நமது நிருபர்' என்று இருக்கும். காலையில் என் கடைக்கு வந்ததும் அந்த இரண்டு வார்த்தையில் விரலை வைத்து, "யார் தெரியுமா இது? நான்தான்" என்பாய். "பேரே இல்லாதவனுக்கு எவ்ளோ பெருமை பாரு" என்று நான் கிண்டல் செய்வேன். "வூட்ல கூப்பிடத்தான்யா பேரு. ஊருக்கு நான் நமது நிருபர்" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய்.

அப்புறம் ஒரு சட்டமன்றத் தேர்தல் வந்தது. வல்லம் வடகால் தாண்டி இருக்கிற குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் கீழே போய், வாரம் இருமுறை வந்த டேங்கர் லாரியும் நின்றுபோயிருந்தது. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வண்டியில் வந்தபோது பெண்கள் காலிக் குடத்தோடு சாலையை மறித்து நின்றார்கள். என் கடையில் வாங்கிய குடங்கள்தான் பாதி. முன்னால் நின்றவள் கன்னியம்மா. வேட்பாளர் கையைக் கூப்பினார். இவள் வண்டியின் ஓரமாக வந்து, பதிலுக்குக் குடத்தைக் கவிழ்த்து அவர் பார்க்கப் பிடித்தாள். அதை நீ படம் எடுத்தாய். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தியும் படமும் அனுப்பிவிட்டு என் கடைக்கு வந்து, "நாளைக்குப் பாரு, முதலாளி" என்றாய்.

மறுநாள் பார்த்தோம். உன் படம்தான். ஓரத்தில் இருந்த கன்னியம்மாவை வெட்டியிருந்தார்கள். மற்றப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு நிற்கிறார்கள், வேட்பாளர் கும்பிடுகிறார். மேலே கொட்டை எழுத்தில்: 'வேட்பாளருக்குப் பெண்கள் பூரண கும்ப வரவேற்பு.' அதற்கு அடியில் 'நமது நிருபர்.'

காலிக் குடத்தோடு எதிரே வந்தாலே போகிற காரியத்தைத் தள்ளிவைக்கிற ஊர் இது. அந்த ஊரில் காலிக் குடத்தைப் பூரண கும்பமாக்கினான் ஒருத்தன். நல்ல வேளை, குடங்கள் எல்லாக் கலரிலும் இருந்தன. ஒரே கலராக இருந்திருந்தால் கட்சிக் கலர் குடம் என்றும் சேர்த்து எழுதியிருப்பான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்கள் என் கடைக்கே வந்துவிட்டார்கள்.

"எங்கய்யா அந்தப் பேப்பர்காரன்?" என்றாள் கன்னியம்மா.

"வர்ற நேரம்தான்க்கா. இன்னா விஷயம்?"

"இன்னா விஷயமா? நாங்க இன்னா அந்தாளுக்கு ஆரத்தி எடுத்தமா, பொட்டு வெச்சமா? நாக்கு காஞ்சிப் போயி நின்னுகினு கீறோம். வரவேற்பாம் வரவேற்பு!"

அந்த நேரம் பார்த்து நீ ஸ்கூட்டரை நிறுத்தினாய். அவள் உன் பக்கம் திரும்பினாள். "உன் மூஞ்சிக்கு எதுர்லதான கொடத்தக் கவுத்தேன்? பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டா இப்டி எழுதிகீற?"

"நான் இப்டி எழுதலக்கா."

"நமது நிருபர்னு போட்டுக்கீதாம். எம் பொண்ணு படிச்சிச் சொல்லிச்சு. நீதான அது? ஊரெல்லாம் சொல்லிகினு திரிவியே!"

காலரைத் தூக்கிவிடுகிற நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவள் அதோடு விடவும் இல்லை. "டேங்கர் கேட்டுப் போனா பஞ்சாயத்து ஆபீஸ்ல பேப்பர எடுத்துக் காட்றான். சந்தோசமா கும்பம்லாம் குடுத்துகீறீங்களே, உங்களுக்கு இன்னாம்மா கொறைங்கிறான். எங்க தண்ணிக்கு நீதான்டா பதில் சொல்லணும்." கைக்குழந்தையோடு வந்திருந்த இன்னொருத்தி தரையில் துப்பிவிட்டுப் போனாள்.

என் கடையிலிருந்தே நீ பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டாய். மூன்று வரி மறுப்புப் போடுங்கள், போதும் என்றாய். "அந்தப் பக்கத்தயே கட்சிக்காரன் காசு கட்டி பேக்கேஜா எடுத்துட்டான்யா. தேர்தல் முடியிற வரைக்கும் அதுல கை வைக்க முடியாது" என்றான் அங்கே இருந்தவன். எனக்கே கேட்டது. நீ கெஞ்சினாய்: "சரி சார், 'நமது நிருபர்'ங்கறதயாவது எடுத்திருக்கலாமே." அதற்கு அவன் சிரித்தான். "அது இன்னா உன் பேரா? பேப்பரோட பேருய்யா அது. யாரு மேல வேணா போடுவோம்."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பொய்யை விற்கட்டும், அவனும் வியாபாரிதான். ஆனால் நான் விற்ற குடம் ஓட்டையாக இருந்தால் கன்னியம்மா என்னைத் தேடி வருவாள், என் முகத்தில் அடிப்பாள். அவன் விற்ற ஓட்டைக்கும் உன்னைத்தானே தேடி வந்தாள்! சரக்கு அவனுடையது, அடி உனக்கு. எந்தச் சந்தையில் இருக்கிறது இந்த ஏற்பாடு?

அடுத்த வாரமே அதே பேப்பரிலிருந்து சித்திரைச் சிறப்பு மலருக்கு விளம்பரம் கேட்டு ஆள் வந்தான். நான் அவனை வெளியே போகச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். "குடுப்பாருப்பா. டீ குடிச்சிட்டு வா, எழுதி வைக்கிறோம்" என்று அவனை அனுப்பினாய். பிறகு எழுதினாய்:

'குடங்கள்! குடங்கள்! வல்லம் வடகால் பக்கத்துப் பெண்கள் வேட்பாளரின் வண்டிக்கு முன்னால் கவிழ்த்துப் பிடித்தது எங்கள் கடைக் குடங்களைத்தான். குடம் உறுதியானது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் கேட்டுத்தான் பிடித்தார்கள்.'

படித்துவிட்டு, "ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தள்ளுபடி உண்டுன்னு கடைசில சேர்த்துடு" என்றேன். "யோவ், இதுலயும் வியாபாரமா?" என்றாய். "அது இருந்தாதான்டா விளம்பரம் மாதிரி இருக்கும்." தலையில் அடித்துக்கொண்டு சேர்த்தாய். பேனாவை மூடும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இது கோணல் வழிதான்யா. நேர் வழிய அவனுங்க வித்துட்டானுங்க."

வந்த ஆள் அளவைப் பார்த்தானே தவிர ஒரு வரி படிக்கவில்லை. மலரில் அப்படியே வந்தது. பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருத்தன் உரக்கப் படிக்க, ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் தூக்கமெல்லாம் போய்ச் சிரித்தார்கள். கன்னியம்மா அதை வெட்டிக் குடத்தில் ஒட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டமாகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அந்த வாரமே டேங்கர் வந்தது. கட்சி ஆட்கள் என் கடைக்கு வந்து, "எவன்யா எழுதினது?" என்றார்கள். "கடை என்னுது, காசு என்னுது. குடம் வேணுமா?" என்றேன்.

என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை. உன்னைச் செய்தார்கள். எழுதியது நீ என்று கண்டுபிடித்து, பேப்பர் ஆபீசில் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாம் இரண்டு பேரும் சென்னையில் இருக்கிற அவர்கள் தலைமை ஆபீசுக்குப் போய்க் கேட்டோமே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது? "அப்படி ஒரு நிருபர் எங்ககிட்ட இல்லையே சார்." இத்தனை வருஷம் எழுதியதைக் காட்டு என்றார்கள். எதைக் காட்டுவாய்? எல்லாவற்றிலும் 'நமது நிருபர்.' பொய்க்கு அடி வாங்கும்போது அது நீ. வேலை கேட்டுப் போனபோது அது யாரோ.

வேறு எந்தப் பேப்பரும் உன்னை எடுக்கவில்லை. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். தலைவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, வேட்பாளருக்கு நன்றி அறிவிப்பு. அதிலும் ஒற்றுப்பிழை திருத்திக் கட்சிக்காரனிடம் திட்டு வாங்கினாய். "அந்தப் பேப்பர் ஆபீஸ் முன்னாடி போய் நாலு கேள்வி கேப்போம் வா" என்று எத்தனை முறை கூப்பிட்டேன்! "வுடுய்யா, தண்ணி வந்துச்சில்ல" என்றுவிட்டாய். அந்தக் கோபமும் எனக்கு உன்மேல் இருக்கிறது. நீ பட வேண்டிய ஆத்திரத்தையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு, ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. காசு கட்டினால் போடுவோம் என்றார்கள். கட்டவில்லை. கட்டினால் உன் சாவும் விளம்பரம்தானே.

இதையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அந்த வகுப்பில் எழுந்தேன். "அம்மா, அந்த விளம்பரம் என்னுது" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று. நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறிவிட்டது. "செவுத்த உடைச்சவன் படம் போட்டுக் காட்றீங்களே, செவுத்தப் பக்கம் பக்கமா வித்தவன் படம் எங்க? அதப் போடுங்க!" மைக் கீச்சென்று கத்தியது. யாரோ அணைத்துவிட்டார்கள்.

பேராசிரியை பதறவில்லை. "உங்க கோபம் நியாயம் சார். இந்தப் பின்கதை எனக்குத் தெரியாது. ஆனாலும், உண்மை விளம்பர வேஷத்துல வரலாம்னா, நாளைக்குப் பொய்யும் அதே வேஷத்துல வருமே?" என்றார்.

நீயே அதைத்தானே கோணல் வழி என்றாய். ஆனால் விடவும் மனசில்லை. "அப்போ அந்தப் பொம்பளைங்க தண்ணிக்கு எந்த வழியா வந்திருக்கணும்? அதச் சொல்லிக் குடுங்கம்மா" என்றேன். அவர் என் கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் அந்த வகுப்புப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். மறைமலை நகர்ப் பெண், அப்பா கார் கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கிறாராம். பக்கெட் வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற, நீ எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டாத படம், ஓரத்தில் கன்னியம்மாவும் கவிழ்ந்த குடமும் இருக்கிற படம்.

"பேப்பர்ல வந்தது லைப்ரரில இருக்கு சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி எங்க காலேஜ் இதழ்ல போடப் போறேன். மேடம் சரின்ட்டாங்க. படம் எடுத்தவர் பேரு இன்னா சார்?"

"எதுக்கும்மா?"

"கீழ போடணும்ல சார். சும்மா நமது நிருபர்னா போட முடியும்?"

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். எழுதப் போனவள் நிமிர்ந்து, "சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா சார்?" என்று கேட்டாள். ஒரு எழுத்துக்காகக் கட்சிக்காரனிடம் திட்டு வாங்கியவன் பெயரை, எழுத்துச் சரியா என்று கேட்டு எழுதுகிறாள் ஒருத்தி. சொல்லிவிட்டு, அவள் எழுதியதை வாங்கி நானும் ஒருமுறை சரிபார்த்தேன்.

இன்று வந்த குடங்களைக் கயிற்றில் கோத்துக் கடை வாசலில் தொங்கவிட்டாயிற்று. எல்லாம் வாய் கீழே பார்த்தபடி, கன்னியம்மா பிடித்தாளே அப்படி. போனவன் போய்விட்டான், மனசிலிருந்து இறக்கி வை என்கிறாள் என் வீட்டுக்காரி. எனக்கு இறக்கி வைக்க இஷ்டமில்லை. நீ படாமல் விட்டுப்போன கோபம் இது. யாராவது ஒருத்தர் சுமக்கட்டும்.