தீபாவளிக்கு அடுத்த வாரப் பாடம்

இன்று காலை எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். புகை நடைபாதையைத் தாண்டி என் ஜன்னல்வரை நேராக வந்தது. கம்பிக்கு அருகே வந்ததும் சட்டென்று உள்பக்கமாக வளைந்தது. காபியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஊதுபத்தி வாசனை இல்லாத தெருவாகப் பார்த்துக் குடிபோக முடியுமா? அதனால் வாரத்தில் நாலு நாளாவது நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

நீங்கள் முதன்முதலில் வகுப்புக்கு வந்த ஞாயிறு நினைவிருக்கிறது. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றிருந்த என்னை ஓர் அறக்கட்டளைக்காரர்கள் கூப்பிட்டு, வீட்டுப் பழுதுவேலை எடுத்துச் செய்பவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். வெயில் உள்ளே இறங்காமல், குளிர் வெளியே கசியாமல், கரண்ட் செலவு குறையும்படி ஒரு பழைய வீட்டை மொட்டைமாடி முதல் வாசற்கதவு வரை சீர்செய்வது எப்படி என்பதுதான் பாடம். பெயின்டர், ஏசி மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் என்று பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நீங்கள் ஃபால்ஸ் சீலிங் மேஸ்திரி. தலை நரைத்திருந்தும் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பையனைப் போல வாசலிலேயே நின்றீர்கள்.

"டீச்சர், நான் எட்டாவதோட நின்னவன். எனுக்கு இதெல்லாம் ஏறுமா?"

"வீட்டைத் தொட்டுப் பழகின உங்களுக்கு ஏறலைன்னா வேற யாருக்கு ஏறும்? உள்ள வாங்க."

நேராக முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள். கடைசி வரை அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.

எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். ஏசி போட்ட வீடு தண்ணீர் பிடிக்கிற குடம் மாதிரி, ஓட்டையை அடைக்காமல் குழாயைப் பெரிதாக்கி என்ன பயன் என்று கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "தி.நகர்ல நான் வேல செய்ற வூடு ஒண்ணு கீது டீச்சர். அது குடம் இல்ல, சல்லட."

அந்தச் சல்லடைக்கே ஒரு ஞாயிறு எல்லோரையும் கூட்டிப்போனேன். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி, சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஆளுக்கொரு ஊதுபத்தியைக் கொடுத்தேன். இடுக்கு இருக்கும் இடத்தில் புகை வளையும், அதுதான் சோதனை. நீங்கள் ஒவ்வொரு ஜன்னல் சட்டத்தையும் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து ஏசி மெக்கானிக் சீண்டினார்.

"இன்னா மேஸ்திரி, வூட்டுக்கே சாமி வந்துகினு கீதா? அப்டியே எனுக்கும் கொஞ்சம் துன்னூறு குடு."

"உனுக்குத் துன்னூறு இல்ல மச்சி, சிலிக்கான் பசதான். மொதல்ல உன் வாய அடைக்கணும்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "புகை வளையற இடமெல்லாம் ஓட்டை. ஓட்டையெல்லாம் அடைக்கணும்." நீங்கள் அதை நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு என்னிடம் காட்டினீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றேன்.

மொத்தம் ஆறு பாடங்கள். ஐந்தாவது அடைப்பது. ஆறாவது, அடைக்கக் கூடாதது: மனிதர் மூச்சுக்கும் அடுப்பு எரியவும் வேண்டிய காற்று எங்கே வர வேண்டும், எங்கே போக வேண்டும் என்பது. முதலில் கூட்டல், பிறகு கழித்தல் என்று சிறுபிள்ளைகளுக்கு நடத்துவதுபோல அப்படி வரிசைப்படுத்தியவள் நான். இரண்டுக்கும் நடுவே தீபாவளி வந்தது. ஒரு வாரம் விடுமுறை என்று சொன்னேன்.

"ஹோம்ஒர்க் இல்லியா டீச்சர்?" என்று கேட்டீர்கள்.

"உங்க வீட்லயே ஊதுபத்தி பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

திருவான்மியூரில் உங்கள் வீடு இரண்டு அறைதான். மனைவியின் மூட்டுவலிக்கு வெந்நீர் வேண்டுமென்று, அடையாறில் யாரோ கழற்றிப் போட்ட கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டியிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் புகை அதிகமாக வளைந்த இடம் குளியலறை வெண்டிலேட்டர். அதன் மேல் பலகை வைத்து, சுற்றிலும் சிலிக்கான் இழுத்தீர்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினீர்கள். பிறகு நான் போய்ப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை என் வகுப்பில் யாரும் செய்ததில்லை.

தீபாவளி காலையில் வீட்டில் ஒவ்வொருவராக எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். கடைசியாக நீங்கள் போனீர்கள். அதற்குள் கீசர் அந்தச் சின்ன அறையின் காற்றைத் தின்று தீர்த்து, வாசனையே இல்லாத நச்சு வாயுவால் அறையை நிரப்பியிருந்தது. தெருவெல்லாம் வெடிச்சத்தம். நீங்கள் விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செய்தி கேட்டு நான் போனபோது உங்கள் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சொன்னா எங்க கேப்பாரு இந்த மனுசன்? நீங்க ஒண்ணு சொல்லிருப்பீங்க, இவரு ஒண்ணு பண்ணிகீறாரு." அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஏசி மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதைவிடப் பெரிய தவறை அதற்குப் பிறகு செய்தேன். உங்களையே உதாரணமாக்கினேன். அடுத்து வந்த வகுப்புகளில், "ஒரு மேஸ்திரி இருந்தார், அவசரக்காரர், பாடம் முடியறதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சுட்டார்" என்று உங்கள் கதையைச் சொன்னேன். எல்லோரும் பயந்து, கவனமாகக் கேட்டார்கள். நல்ல உதாரணம் என்று எனக்கே தோன்றியது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முதல் பெஞ்சின் ஓரத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொண்டேன். அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் கையில் உங்கள் நோட்டு இருப்பதுபோலத் தோன்றும்.

போன வருடம் வகுப்பில் எலெக்ட்ரீஷியன் பெண் ஒருத்தி நிதானமாகக் கேட்டாள். "அந்த வெண்டிலேட்டர் பாடம் நீங்க எப்ப எடுத்தீங்க டீச்சர்? அவரு செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டேன். மறுநாள் திருவான்மியூருக்கு பஸ் ஏறினேன்.

உங்கள் மனைவி வாசலில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். ஐந்தாம் பாடம், விடுமுறை, நான் கொடுத்த வீட்டுப்பாடம், அந்த ஒரு வாக்கியம், எதையும் விடவில்லை. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அப்ப அவரு நீங்க சொன்னத கேட்டாரா டீச்சர்?"

"ஒரு வார்த்தை விடாம கேட்டார்."

"மூணு வருசமா அந்த மனுசன திட்டிகினு கீறேனே" என்றார். "படையல் போடும்போதுகூட, சொன்னா கேட்டியான்னு திட்டிட்டுத்தான் வெளக்கு ஏத்துவேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாமே டீச்சர்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். அவர் மன்னித்தாரா என்று தெரியவில்லை. திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இப்போதெல்லாம் வகுப்பின் முதல் ஞாயிறே காற்றுப் பாடம்தான். வீட்டில் என்னென்ன எரிகிறது என்று எழுதித் தந்த பிறகுதான் சிலிக்கானைக் கையில் கொடுக்கிறேன். உங்கள் கதையையும் சொல்கிறேன், வேறு மாதிரி. "ஒரு மேஸ்திரி இருந்தார். டீச்சர் சொன்னதை அப்படியே செய்தார்" என்று தொடங்குகிறேன். முடித்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர், "யாரு டீச்சர் அந்த டீச்சரு?" என்று கேட்டுவிடுகிறார்.

நான் கையைத் தூக்குகிறேன்.